பார்த்தது பறந்து போகும். கேட்டது கூடவே வரும்

     

இன்றைய தலைப்பு, "விளையாட்டை நெஞ்சில் நிறுத்துவது வானொலிக் குரலா? தொலைக்காட்சிப் படமா?" நான் குரல் என்கிற கட்சி.

எதிரணித் தலைவர் எழுந்ததும் ஒரு போடு போட்டார். "தொலைக்காட்சியில் நின்றுகொண்டு தொலைக்காட்சிக்கு எதிராகப் பேசுகிறீர்களே, நியாயமா?" என்று கேட்டார். ஐயா, வீட்டில் இருக்கிற நேயர்களில் எத்தனை பேர் இப்போது நம்மைப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? அம்மா அடுப்படியில் தாளிச்சுக்கிட்டு இருக்காங்க. அப்பா முகத்துக்கு முன்னாடி செய்தித்தாள். பாட்டி கண்ணை மூடிக்கிட்டு சாய்ந்திருக்காங்க. படம் பாட்டுக்குக் கூடத்தில் தனியா ஓடுது. ஆனால் இங்கே ஒரு நகைச்சுவை வந்தால் மூன்று பேரும் சிரிக்கிறார்கள்! அப்படியானால் நம்மை அந்த வீட்டுக்குள் கொண்டுபோனது முகமா, குரலா? என் முகத்தைப் பார்க்கத்தான் கூட்டம் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. என் மனைவியும் நம்பியதில்லை. (சிரிப்பு)

எதிரணியில் பேசிய தம்பி, "ஆயிரம் சொல் சொன்னாலும் ஒரு படத்துக்கு ஈடாகுமா?" என்றார். தம்பி, நீங்க விழுப்புரம் சந்திப்பில் இறங்கித்தானே வந்தீங்க? சென்னைப் பக்கம் ஒரு தடம், திருச்சிப் பக்கம் ஒன்று, மாயவரம் பக்கம் ஒன்று, காட்பாடிப் பக்கம் ஒன்று, புதுச்சேரிப் பக்கம் ஒன்று. இத்தனை வண்டி வந்து போகிற இடத்தில், எழுத்து ஓடுகிற பலகையைப் பார்த்துக்கொண்டே ஜனங்க உட்கார்ந்திருப்பாங்க. எப்போது பையைத் தூக்குவாங்க? "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஒரு குரல் வரும் பாருங்க, அப்பத்தான்! கண்ணால் பார்த்ததைக் காதால் உறுதி செய்துகொள்கிற ஊரில் வந்து, காதைக் குறைத்துப் பேசலாமா? (கைதட்டல்)

நடுவர் அவர்களே, நேர்முக வர்ணனை என்பது வெள்ளைக்காரன் நமக்குக் கற்றுக்கொடுத்ததா? இந்த மாவட்டத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா வந்தால், பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். அந்தப் பாரதத்தில் என்ன வருகிறது? குருக்ஷேத்திரப் போர் தொடங்கப் போகிறது. கண்ணில்லாத திருதராட்டிரனிடம் வியாசர் வந்து, "போரைப் பார்க்க உனக்குக் கண் தரட்டுமா?" என்று கேட்கிறார். பிறந்தது முதல் இருட்டிலேயே இருந்தவன் என்ன சொன்னான்? "கண் வேண்டாம். என் குலம் அழிவதை நான் பார்க்க மாட்டேன். நடப்பதை யாராவது சொன்னால் போதும்" என்றான். அந்த வேலைக்குத்தான் சஞ்சயன் வந்தான். கண் கிடைத்தும் காது போதும் என்று ஓர் அரசன் சொன்ன கதையைக் கேட்டு வளர்ந்த மண் ஐயா இது!

தமிழுக்கு வாருங்கள். செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப் பரணி. கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற போரைப் புலவர் எப்படிச் சொல்கிறார்? களத்தை நேரில் கண்டு வந்த பேய், காளியிடம் சொல்வதாக வைத்தார். காளி தெய்வம். நினைத்தால் அவளே பார்த்திருக்கலாமே? பார்ப்பதில் இல்லாத ஒரு சுவை, சொல்லக் கேட்பதில் இருக்கிறது என்று அந்தக் கவிஞனுக்குத் தெரிந்திருந்தது. என்ன, அன்றைக்கு வர்ணனை செய்தது பேய். பின்னால் வானொலியில் மனிதர்கள் செய்தார்கள். இன்றைக்குச் சில தொலைக்காட்சிகளில் மறுபடியும்... வேண்டாம், நான் எதுவும் சொல்லவில்லை. (பலத்த சிரிப்பு)

வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வைத்தார். "கண்ணோட்டம் என்று ஓர் அதிகாரம் இருக்கிறதே?" என்று எதிரணி அம்மையார் அடுத்து எழுந்து கேட்பார். அம்மா, அந்தக் கண்ணோட்டம் வேடிக்கை பார்ப்பது அல்ல, இரக்கம் காட்டுவது. இன்றைக்கு என்மீது கொஞ்சம் கண்ணோட்டம் வையுங்கள்! (சிரிப்பு)

சரி, இனி வாதத்துக்கு வருகிறேன்.

முதல் வாதம். குரல், பார்க்காததைப் பார்க்க வைக்கும். 1927-ஆம் ஆண்டு ஜனவரி 22. லண்டனில் ஹைபரி மைதானம். ஆர்சனலுக்கும் ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கும் கால்பந்தாட்டம். பி.பி.சி. முதன்முதலாக ஒரு கால்பந்தாட்டத்தை வானொலியில் வர்ணிக்கிறது. அவர்களுக்கே பயம், கேட்கிறவனுக்கு விளங்குமா என்று. அதனால் மைதானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எண் போட்டு, பத்திரிகையில் படமாக அச்சடித்துக் கொடுத்தார்கள். ஒருவர் ஆட்டத்தைச் சொல்வார், இன்னொருவர் பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எண்ணைச் சொல்வார். பின்னாளில் அந்தப் படம் தேவையே இல்லாமல் போய்விட்டது. ஏன்? கேட்கிறவன் தன் நெஞ்சுக்குள்ளேயே ஒரு மைதானம் கட்டிக்கொண்டான்!

நம் ஊருக்கு வாருங்கள். திண்டிவனத்திலிருந்து சென்னை 120 கிலோமீட்டர். சேப்பாக்கம் மைதானம் எங்களுக்குக் காசி, ராமேசுவரம் மாதிரி. போனவர் வந்து சொன்னால்தான் உண்டு. ஆனால் வாலாஜா சாலைப் பக்கம் எது, கடற்காற்று எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து வீசும், கூட்டம் எந்த மாடத்தில் அதிகம், எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. யார் காட்டினார்கள்? வானொலி காட்டியது.

1980-களில் கிரிக்கெட் தமிழில் பேசியது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் அவர்கள். தூத்துக்குடிச் சீமைத் தமிழர். வானொலி நாடகத்தில் பழகிய குரல். ராமமூர்த்தி அவர்கள் இன்னொரு பக்கம். ஆங்கிலம் தெரிந்தவனுக்கு மட்டுமே சொந்தமாக இருந்த ஆட்டத்தை, ஏர் ஓட்டுகிறவன், நெல் தூற்றுகிறவன், பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவன் எல்லாரும் கேட்கும்படி செய்தார்கள். ரன் ஓட்டமாச்சு. பௌலர் பந்து வீச்சாளர் ஆனார். பவுண்டரி எல்லைக்கோடு ஆச்சு. கடல் கடந்து இலங்கையில் அதே ஆட்டத்துக்குத் துடுப்பாட்டம், களத்தடுப்பு என்று சொல் வைத்தார்கள். ஒரு தமிழாசிரியனாகச் சொல்கிறேன், நாங்கள் வகுப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற கலைச்சொல்லாக்கத்தை, இவர்கள் பந்து விழுவதற்கும் மட்டை தொடுவதற்கும் நடுவில் செய்தார்கள்! (கைதட்டல்)

எங்க அத்தை இருந்தாங்க. பள்ளிக்கூடம் பார்க்காதவங்க. முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டே தமிழ் வர்ணனை கேட்பாங்க. ஒருநாள் திடீர்னு என்னைக் கூப்பிட்டாங்க. "ஏண்டா, மட்டை பிடிக்கிறவன் கிட்டக்கவே ஒரு புள்ளைய நிக்க வெக்கிறானுங்களே, பந்து மூஞ்சியில பட்டுடாதா? அவன் அம்மா கேட்க மாட்டாளா?" என்றாங்க. (சிரிப்பு) சிரிக்காதீங்க. மைதானத்தையே பார்க்காத ஒருத்தி, பார்க்காத ஒரு பிள்ளைக்காகப் பதறுகிறாள். மனக்கண்ணில் அந்தப் பிள்ளை நிற்காமல் அந்தப் பதற்றம் வருமா? இப்போது எத்தனையோ கேமரா வைத்துக் காட்டுகிறார்கள். யாராவது பதறுகிறோமா? பார்த்துக்கொண்டே முறுக்கு கடிக்கிறோம்!

இரண்டாவது வாதம். குரல் எல்லாரையும் ஒரே வரிசையில் உட்கார வைக்கும். எங்கள் தெருவில் ஒரு பெரியவர். மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதியவர். சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டது. நாளெல்லாம் திண்ணையில் இருப்பார். யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போனால்தான் டீக்கடை.

1986 செப்டம்பர் 22. சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் டெஸ்ட் ஆட்டத்தின் ஐந்தாம் நாள். டீன் ஜோன்ஸ் அந்த வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 ஓட்டம் அடித்தாரே, அதே ஆட்டம். இந்தியா ஜெயிக்க 348 வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்தவன், அந்தப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். வானொலிப் பெட்டியைச் சுற்றி ஐம்பது பேர். மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

கடைசி ஓவர். கையில் ஒரே விக்கெட். வேண்டியது 4 ஓட்டம். ரவி சாஸ்திரி 2 எடுத்தார். அப்புறம் 1. கணக்கு சமம்! இன்னும் ஒன்றே ஒன்று. மட்டை மணிந்தர் சிங் கையில். பந்து கிரெக் மேத்யூஸ் கையில். ஐந்தாவது பந்து, காலில் பட்டது. நடுவர் கை தூக்கிவிட்டார். 347. ஆட்டம் சமன். 1960-இல் பிரிஸ்பேனில் ஒரு தடவை நடந்தது, அதற்கப்புறம் நம் சென்னையில்தான். டெஸ்ட் வரலாற்றிலேயே இரண்டாவது.

கடையில் ஒருத்தருக்கும் பேச்சு வரவில்லை. யாரோ ஒருவர், "இப்ப யாரு தோத்தது?" என்று கேட்டார். அந்தப் பெரியவர்தான் சொன்னார், "யாரும் தோக்கலப்பா." திரும்பி வரும்போது என் தோளைப் பிடித்தபடி இன்னொன்றும் சொன்னார். "தம்பி, இன்னிக்கு அந்தக் கடையில யாருக்கும் கண்ணு இல்ல. எல்லாருக்கும் காதுதான். ரொம்ப நாளைக்கு அப்புறம் உங்களோட சமமா உக்காந்திருந்தேன்" என்றார்.

நடுவர் அவர்களே, எந்தப் படம் ஐயா இதைச் செய்யும்? அதே கடையில் ஒரு தொலைக்காட்சி இருந்திருந்தால், ஐம்பது பேர் பார்த்திருப்பார்கள். அவர் ஒருவர் மட்டும், "என்னாச்சு? என்னாச்சு?" என்று பக்கத்தில் இருக்கிறவன் சட்டையை இழுத்துக்கொண்டு இருந்திருப்பார். (கைதட்டல்)

"பார்வையற்றவர்களுக்கு மட்டும்தானா உங்கள் வாதம்?" என்று கேட்பீர்கள். அவர்கள் பார்வையாளர்களாக மட்டும் இல்லை, ஆட்டக்காரர்களாகவே வந்துவிட்டார்கள். உள்ளே சலங்கை மாதிரி ஒலிக்கிற பந்து, அதைக் காதால் கண்டுபிடித்து அடிக்கிற கிரிக்கெட். அதற்கு 1998-இல் டெல்லியில் முதல் உலகக் கோப்பையே நடந்தது. கண் இல்லாமல் கிரிக்கெட் ஆடிக் காட்டிவிட்டார்கள். அவர்கள் ஆடுவதே காதை நம்பித்தான்!

மூன்றாவது வாதம். இதுதான் எனக்கு முக்கியம். குரல் என்பது நம்பிக்கை. படத்தில் பத்துத் தடவை திருப்பிப் போடலாம், சரிபார்க்கலாம். நடுவர் தீர்ப்பைத் திருத்த அது உதவுகிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் கண்ணால் பார்த்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடுமா? மணிந்தர் சிங், பந்து மட்டையில் பட்டது என்றே சொல்லி வந்தார். படம் இருக்கிறது, பார்த்தவர்கள் இருக்கிறார்கள். விவாதம் ஓயவில்லையே!

அடுத்த வருஷம், 1987 அக்டோபர் 9. அதே சேப்பாக்கம், உலகக் கோப்பை. டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்து நான்கா, ஆறா என்று மைதானத்தில் பார்த்தவர்களுக்கே குழப்பம். முதலில் நான்கு. இன்னிங்ஸ் முடிந்தபின் கபில்தேவிடம் கேட்டார்கள். அவர் ஒப்புக்கொண்டார். 268 என்பது 270 ஆனது. இந்தியா 269. ஒரே ஓட்டத்தில் தோல்வி! தன் அணிக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தும் நேர்மையாக நின்றது கண் அல்ல ஐயா, ஒரு மனிதனின் வாக்கு.

வானொலி வர்ணனையாளருக்கு அந்தச் சோதனை ஒவ்வொரு பந்திலும் உண்டு. அவர் பொய் சொன்னால் கண்டுபிடிக்க ஆள் கிடையாது. நம் ஆள் விட்ட கேட்சை "பந்து எட்டவில்லை" என்று மூடி மறைக்கலாம். ஆனாலும், "கைக்கு வந்த பந்தை நழுவவிட்டார்" என்று மனசு வலிக்கச் சொன்னார் பாருங்கள், அதனால்தான் அவர் சொல்லை நம்பினோம். பொழுதெல்லாம் லட்சம் பேருக்குக் கண்ணைக் கடன் கொடுத்தார். அந்தக் கண்ணில் தூசி விழாமல் பார்த்துக்கொண்டார்.

இந்த நாட்டின் பெரிய நாட்களை எல்லாம் அப்படிப்பட்ட குரல்கள்தான் சுமந்தன. 1948-இல் காந்தியடிகளின் இறுதி ஊர்வலம். மெல்வில் டி மெல்லோ என்கிற அகில இந்திய வானொலிக்காரர் ஏழு மணி நேரம் பேசினார். தேசமே அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அழுதது. 1975 மார்ச் 15, கோலாலம்பூரில் ஹாக்கி உலகக் கோப்பை இறுதியாட்டம். பாகிஸ்தானை 2-1 என்று இந்தியா வென்றது. அதை வீதி வீதியாகக் கொண்டுவந்தது ஜஸ்தேவ் சிங்கின் இந்திக் குரல். கல்கத்தாவில் அஜய் பாசு, கமல் பட்டாச்சார்யா, புஷ்பேன் சர்க்கார் என்று மூன்று பேர். வங்காளத்தில் கால்பந்தாட்டம் என்றால் இவர்கள் குரலோடுதான் நினைவுக்கு வரும். நமக்கு, டெல்லியிலிருந்து செய்தி வாசித்த சரோஜ் நாராயணசாமி அம்மையார். இலங்கை வானொலியில் மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது. இவர்களில் எத்தனை பேருடைய முகம் உங்களுக்குத் தெரியும்? குரல் தெரியுமா? கையைத் தூக்குங்க! (பார்வையாளர்கள் பலர் கை தூக்குகிறார்கள்) நடுவர் அவர்களே, தீர்ப்பு பாதி வந்துவிட்டது!

எதிரணித் தலைவர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "இதெல்லாம் தொலைக்காட்சி இல்லாத காலத்துப் பழம்பெருமை. படம் வந்தபிறகு குரலுக்கு என்ன வேலை?" என்றார். அமெரிக்காக்காரன் இதைச் சோதித்தே பார்த்துவிட்டான் ஐயா. 1980 டிசம்பர் 20. மயாமியில் அவர்கள் ஊர்க் கால்பந்தாட்டம். என்.பி.சி. தொலைக்காட்சி ஒரு புதுமை செய்தது. வர்ணனையாளரே கிடையாது. படம் மட்டும், மைதானத்துச் சத்தம் மட்டும். என்ன ஆச்சு தெரியுமா? அதோடு நிறுத்திக்கொண்டார்கள். மறுபடி அந்தப் பக்கமே போகவில்லை! (சிரிப்பு, கைதட்டல்)

அதே நாட்டில் ஜார்ஜியா பல்கலைக்கழகம் என்று ஒன்று. அங்கே கல்லூரிக் கால்பந்து என்றால் ஊர்த் திருவிழா. லாரி மன்சன் என்பவர் 1966 முதல் 2008 வரை அந்த அணிக்கு வானொலியில் குரல் கொடுத்தார். வீட்டில் வண்ணத் தொலைக்காட்சி இருக்கும். அந்த ரசிகர்கள் அதன் ஒலியைக் குறைத்துவிட்டு, வானொலியில் மன்சனை வைத்துக்கொள்வார்கள். இதில் அமெரிக்காவுக்கும் திண்டிவனத்துக்கும் வித்தியாசமே இல்லை. எங்கள் தெருவிலும் தொலைக்காட்சி வந்தபின், படத்தை ஓடவிட்டு, இங்கிலீஷை ஊமையாக்கி, பக்கத்தில் டிரான்சிஸ்டரில் தமிழைத் திறந்துவைத்தார்கள். படத்துக்குப் பொட்டு வைத்துப் பூ வைத்தது குரல்!

2017-இல் தமிழுக்கென்றே ஒரு தனி விளையாட்டுத் தொலைக்காட்சி வந்தது. ஏன் வந்தது? பந்தும் மட்டையும் எல்லா மொழிக்கும் ஒன்றுதானே? படம் எங்கும் ஒரே படம்தான். மாற்றியது எதை? குரலை! உங்கள் கட்சிக்காரர்களே எங்கள் கட்சிக்கு வந்து விண்ணப்பம் கொடுத்துவிட்டார்கள். (கைதட்டல்)

இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் குரல்கள் ஏன் நெஞ்சில் நிற்கின்றன? படம் எல்லாவற்றையும் சமைத்துத் தட்டில் வைத்துவிடுகிறது. நாம் சாப்பிட்டுக் கை கழுவுகிறோம். குரல் அப்படியில்லை. அது அரிசியும் பருப்பும்தான் கொடுக்கும். மைதானத்தை நாம் கட்ட வேண்டும், பந்தை நாம் உருட்ட வேண்டும், ஆட்டக்காரனுக்கு முகம் நாம் வரைய வேண்டும். பாதி உழைப்பு நம்முடையது. இனாமாக வந்த காசு மறந்து போகும். உழைத்துச் சேர்த்த காசு, எந்தத் துணியில் எந்த முடிச்சில் வைத்தோம் என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கும்!

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். பெற்றோர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். அப்துல் ஜப்பார் 2020-இல் போய்விட்டார். சரோஜ் நாராயணசாமி 2022-இல் போய்விட்டார். அவர்கள் நமக்குச் செய்ததை நாம் இன்னொருவருக்குச் செய்யலாம். உங்கள் வீட்டிலும் பார்வை மங்கிய ஒரு தாத்தா இருப்பார், ஒரு பாட்டி இருப்பார். நீங்கள் எல்லோரும் ஆட்டத்தைப் பார்த்துக் கூவும்போது, அவர்கள் மட்டும் எதற்கு என்று தெரியாமல் சிரிப்பார்கள். உங்கள் பிள்ளையை அவர் பக்கத்தில் உட்கார வைத்து, "நடக்கிறதைத் தாத்தாவுக்குச் சொல்லுடா" என்று சொல்லுங்கள். உள்ளதை உள்ளபடி, நல்ல தமிழில், பொய் கலக்காமல் சொல்லப் பழகட்டும். அந்தப் பிள்ளைக்குத் தமிழும் வரும், உண்மையும் வரும், உங்களிடத்தில் பாசமும் வரும்.

படம் அந்தத் தாத்தாவை வெளியே நிறுத்தும். குரல் உள்ளே கூப்பிடும். எது கூப்பிடுகிறதோ, அதுதான் நெஞ்சில் நிற்கும். அதனால், விளையாட்டை நெஞ்சில் நிறுத்துவது வானொலிக் குரலே என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள் நடுவர் அவர்களே என்று கேட்டுக்கொள்கிறேன். (பலத்த கைதட்டல்)